நான் சொல்ல முதல் வந்த ‘ஓம்’

மனிசி கார் ஓட்டேக்கை பக்கத்துச் சீற்றிலை இருந்து “பாத்து, பாத்து, அங்காலை ஒருத்தன் வாறான்” எண்டு கத்தி வாங்கிக் கட்டின என்ரை சகோதரங்களே, அதே வேலைக்குச் சம்பளமும் தொப்பியும் தாற தொழில் ஒண்டு இந்த உலகத்திலை இருக்கு. அதுக்குப் பேர் ஸ்பொட்டர்.

ஸ்ரொக் கார் பந்தயத்திலை ஓடுற கார் வெளியிலை பாத்தால் றோட்டிலை போற கார் மாதிரித்தான் கிடக்கும். உள்ளுக்கை இரும்புப் பைப் கூடும் ஒரேயொரு சீற்றும்தான். ஓட்டுற ஆளை அந்தச் சீற்றோடை வைச்சுக் கட்டிப்போட்டால் கழுத்தைக்கூட வடிவாத் திருப்பேலாது. முன்னாலை மட்டும்தான் தெரியும். அதாலை, சனம் இருந்து பாக்கிற கொட்டகைக் கூரையிலை ஒருத்தன் வோக்கி-ரோக்கியோடை நிண்டு, ஓட்டுற ஆளின்ரை காதுக்குள்ளை, “உள்ளுக்கை ஒருத்தன்”, “வெளியாலை ஒருத்தன்”, “ஆளில்லை, போ” எண்டு ஓட்டம் முடியுமட்டும் சொல்லிக்கொண்டே இருக்கவேணும். அவன் பிழையாச் சொன்னால் கார் சுவரிலை. அவ்வளவுதான் இந்தத் தொழில்.

கிழமை நாளிலை நான் மொன்றியல் துறைமுகத்திலை கொன்ரெயினர் இழுக்கிறனான். சனிக்கிழமையிலை யூட்டின்ரை அணிக்குக் கூரையிலை நிண்டனான். யூட் மன்னாரான், பார்க் எக்ஸ்டென்ஷனிலை கராச் வைச்சிருந்தவன். ஓட்டுறது அவன்ரை தங்கச்சி ரெஜி, இருபத்திரண்டு வயசு. ஊரிலை சமாதானம், சமாதானம் எண்டு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வருசம் தொடங்க முதலே ரெஜி தாயிட்டை ஒரு வாக்குக் குடுத்திருந்தாள். கனடா முழுக்க ஓடுற தொழில்முறைப் போட்டியிலை இந்த வருசம் இடம் கிடைச்சால் ஓடுறது. கிடைக்காட்டி ஹெல்மெற்றைக் கழட்டி வைச்சிட்டு, பாதியிலை விட்ட தாதிப் படிப்புக்குத் திரும்பிறது. தாய் அந்த வாக்கை மாதாப் படத்துக்கு முன்னாலை வைச்சு வாங்கினவ, பிறகு ஆரும் அசைக்கேலாது. எங்கடை உள்ளூர் ஓடுபாதையிலை வருசக் கடைசியிலை முதலாவதாய் நிக்கிறவருக்குத்தான் அந்த இடம். ஆக, பிள்ளையின்ரை எதிர்காலம் என்ரை வாயிலை கிடந்தது. மொன்றியலிலை எத்தினையோ நல்ல வாய் இருக்க, இந்த வாயிலை.

தமிழிலை ஓடின கார்

முதல் வருசம் பிரெஞ்சிலைதான் வோக்கியிலை கதைச்சம். மற்ற அணிக்காரர் எல்லாம் எங்கடை அலைவரிசையைப் பிடிச்சு ஒட்டுக்கேட்டு, நாங்கள் எப்ப முந்தப்போறம், எப்ப ரயர் மாத்தப்போறம் எண்டு எங்களுக்கு முதலே தெரிஞ்சு வைச்சிருந்தாங்கள். யூட்டுக்குக் கோவம் வந்திட்டுது. இனி இந்தக் காரிலை தமிழ்தான் எண்டு சட்டம் போட்டான்.

வந்த கரைச்சல் என்னெண்டால், எனக்குத் தமிழிலை மரியாதையில்லாமல் கதைச்சுப் பழக்கமில்லை. முதல் நாள் கூரையிலை நிண்டு, “பிள்ளை, உம்மடை வலக்கைப் பக்கமா ஒருத்தர் வாறார் போலை கிடக்கு, ஒருக்காப் பாத்துக்கொள்ளும்” எண்டன். நான் சொல்லி முடிக்க, அந்த ஒருத்தர் வந்து, இடிச்சு, முந்திப் போட்டார். யூட் எனக்கு ஏசி ஏசியே வசனத்தைச் சொல்லாக்கினான். ரெஜி இஞ்சை வளந்த பிள்ளை, வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான். ஆனால் தாய் சின்னனிலை இருந்து “உள்ளுக்கை வா”, “வெளியாலை போகாதை” எண்டு அதட்டினதாலை, உந்த ரெண்டு சொல்லும் அவளுக்கு நரம்பிலை ஊறிக் கிடந்தது. நான் ஒவ்வொண்டு சொல்லச் சொல்ல, கேட்டதுக்கு அடையாளமாய் “ஓம்” எண்டு, ஆமாம் எண்ட கருத்திலை, ஒரு சொல்லுச் சொல்லுவாள். அவ்வளவும் காணும்.

எங்களோடை முதலிடத்துக்குப் போட்டி போடுற பச்சைக் கார் அணியின்ரை ஸ்பொட்டர் கூரையிலை எனக்குப் பக்கத்திலைதான் நிக்கிறவன். ரெண்டு கிழமை காதைத் தீட்டிக் கேட்டுப் பாத்திட்டு, தான் கொண்டுவந்த கோப்பியிலை எனக்கும் ஒண்டு நீட்டினான். “உங்கடை பாசையிலை தூசணம் எது எண்டு மட்டும் சொல்லு. அதைக் கேட்டால் எங்கடை கார் முந்தினது எண்டு விளங்கிக்கொள்ளுவன்.”

முந்தி வந்த ஓம்

முதல் வெக்கை வந்த சனிக்கிழமை. சோளத் தோட்டங்களுக்கு நடுவிலை கிடக்கிற ஓடுபாதை அது, வெய்யில் இன்னும் விழேல்லை. மூண்டாம் வளைவிலை பச்சைக் கார் ரெஜியின்ரை உள்ப்பக்கத்தாலை மூக்கை நுழைக்க வெளிக்கிட்டுது. “உள்ளுக்கை” எண்டு சொல்ல நான் வோக்கிப் பொத்தானிலை பெருவிரலை வைச்சன். இன்னும் அமத்தேல்லை. காதுக்குள்ளை ரெஜியின்ரை குரல், “ஓம்” எண்டு.

ஓரக்கண்ணிலை தானே கண்டிருப்பாள் எண்டு நினைச்சு, சொல்லவேண்டியதைச் சொன்னன். அடுத்த சுற்றிலை வெளியாலை ஒருத்தன் வந்தான். நான் வாயைத் திறக்க முதல், “ஓம்”. பிறகு பின்னாலை ஒருத்தன் சுழண்டு நிண்டான், அந்தப் பக்கம் அவள் பாக்கவே ஏலாது. அதுக்கும் ஓம் முதல் வந்தது, நான் பிறகுதான் சொன்னன். பயந்துதான் போனன், மறைப்பானேன்.

அண்டைக்குத்தான் நாங்கள் முதன்முதல் வெண்டனாங்கள். எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு திரிய, நான் மட்டும் கிட்டப் போய் ஏசினன். நான் சொல்ல முதல் என்ன ஓம், கேளாததுக்கு ஓம் சொன்னால் பேந்து கேக்கவேண்டியது கேளாமல் போகும் எண்டன். அவள் ஹெல்மெற்றைக் கழட்டிப்போட்டு, நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சு என்ரை முகத்தைப் பாத்தாள். “நான் உங்களிட்டைக் கேக்கவேணும் எண்டு இருந்தனான், அண்ணை. ஏன் எல்லாத்தையும் ரெண்டுதரம் சொல்லுறியள்? முதல்தரமே வடிவாக் கேக்குது.”

கார்த்திக்கின்ரை விளக்கம்

கார்த்திக் சென்னைப் பொடியன். இஞ்சை பல்கலைக்கழகத்திலை மின்னணுவியல் படிச்சுக்கொண்டு, கோட்-டெ-நெய்ஜிலை நாலு பேரோடை ஒரு சின்ன வீட்டிலை இருந்தவன். எங்கடை வோக்கி, கொம்பியூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. விசயத்தைக் கேட்டுச் சிரிச்சான். எக்கோ எண்டான், அலை எங்கையோ பட்டுத் திரும்பி வருது எண்டான். பற்றறியை மாத்தினான், அலைவரிசையை மாத்தினான், ஆக்கடைசியிலை புது வோக்கியே வாங்கிவந்தான். யூட் தன்ரை பங்குக்குச் சுவாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளிப்பிச்சான். தீர்த்தம் உள்ளுக்கை போய் ஒரு வோக்கி செத்தது, வேறை ஒரு மாற்றமும் இல்லை. ஓம் முந்தி முந்தித்தான் வந்தது.

பிறகு கார்த்திக் ஒரு ஓட்டம் முழுக்க எங்கடை அலைவரிசையைப் பதிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிஞ்சு வந்து, கராச்சிலை கதவைப் பூட்டிப்போட்டு அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டம். என்ரை குரல் ஒருக்காத்தான் இருந்தது. அதுக்கு முதல் அவளின்ரை ஓம். கொஞ்சநேரம் இரைச்சல், பிறகு ஓம், பிறகு நான். வெறும் இரைச்சலுக்கு ஒரு பிள்ளை ஓம், ஓம் எண்டு மறுமொழி சொல்லிக்கொண்டிருக்கிறதைக் கேக்க எனக்கு எழும்பிப் போகவேணும் போலை இருந்தது. காருக்குள்ளை இருக்கிற ஆளுக்கு மட்டும்தான் அது கேக்குது எண்டு விளங்கினது. முடக்குத் தெப்பனர் கடையிலை வாங்கின கோப்பி எல்லாற்றை கையிலையும் ஆறிப்போச்சு. யூட் மெல்லமாய், அப்ப எக்கோ தானே எண்டு கேட்டான். கார்த்திக் பதிவை நிப்பாட்டினான். “எக்கோன்னா பின்னாடிதானே வரணும், அண்ணா?”

பொய் சொல்லிப் பாத்தது

யூட்டின்ரை தாய்க்கு இதிலை ஒரு குழப்பமும் இல்லை. அது ரெஜியின்ரை காவல் சம்மனசு, அவளைக் காக்கிற தேவதூதர், எண்டு சொல்லிப்போட்டா. நான் லேசிலை நம்புற சாதி இல்லை, சாத்திரியாரிட்டைப் போனாலும் அவருக்கே கேள்வி வைக்கிறனான். சம்மனசு எண்டால் பொய் சொல்லாது தானே எண்டு யோசிச்சன். ஒரு பயிற்சி நாள், பாதையிலை எங்கடை கார் மட்டும்தான் ஓடுது. “வெளியாலை ஒருத்தன்” எண்டு சும்மா ஒரு பச்சைப் பொய் சொல்லிப் பாப்பம் எண்டு மனசுக்குள்ளை முடிவெடுத்தன். யூட்டுக்குக்கூடச் சொல்லேல்லை.

பொத்தானை அமத்தக் கையைத் தூக்கினன். கை அந்தரத்திலை நிக்க ரெஜி கேட்டாள், பாதையிலை நான் மட்டும்தானே, ஏன் பொய் சொல்லுறியள் எண்டு. எனக்கு வோக்கி கைநழுவிக் கூரைத் தகரத்திலை விழுந்துபோச்சு.

இறங்கி வந்து அவளை இருத்தி வைச்சு விசாரிச்சன். கிழவன் குரலோ, செத்துப்போன ஆற்றையேன் குரலோ, ஊர்ப்பக்கத்துக் குரலோ எண்டெல்லாம் கேட்டன். அவள் எல்லாத்துக்கும் இல்லை எண்டு தலையை ஆட்டினாள். அதுக்குப் பிறகுதான் விளங்கினது, இதிலை ஒரு ஞானமும் இல்லை. நான் சொல்லப்போறது எனக்கு முதல் அவளிட்டைப் போய்ச் சேருது, அவ்வளவுதான். நான் சரியாச் சொல்லப்போனால் சரி போகும், பொய் சொல்லப்போனால் பொய் போகும். பந்தயத்திலை ஒரு கண் இமைக்கிற நேரம் முந்தித் தெரிஞ்சாலே பெரிய விசயம், அதாலைதான் வெண்டுகொண்டிருந்தம். ஆனால் என்ரை வாய் என்னைக் கேளாமல் எனக்கு முன்னாலை நடந்து போகுது எண்டால், சொல்லுங்கோ, ஒரு மனிசன் எப்பிடி நித்திரை கொள்ளுறது? ரெஜி சொன்னாள்: “சம்மனசு ஒண்டும் இல்லை, அண்ணை. நீங்கள்தான். இருமல்கூட உங்கடை இருமல்.”

ரெண்டாவது ஆள்

வெல்ல வெல்ல மற்றவைக்கு எரிச்சலும் வரும் தானே. நாங்கள் எங்கையோ ரெண்டாவது ஸ்பொட்டர் ஒருத்தனை ஒளிச்சு வைச்சிருக்கிறம் எண்டு பச்சைக் கார் அணி முறைப்பாடு செய்தது. போட்டி அதிகாரி வந்தார், பெரிய மீசை. கூரையெல்லாம் ஏறிப் பாத்தார், கொட்டகைக்குக் கீழை குனிஞ்சு பாத்தார், கார்த்திக்கின்ரை பையைத் திறப்பிச்சார். உள்ளுக்கை லெமன் சாதம்தான் இருந்தது.

யூட் பொறுமை கெட்டு, நீங்களே காருக்குள்ளை இருந்து கேளுங்கோ எண்டான். அவர் ரெஜியின்ரை ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டு சீற்றிலை இருந்தார். நான் அவற்றை கண்ணுக்கு முன்னாலை வோக்கியோடை நிண்டன். என்ன இலக்கம் எண்டாலும் பிரெஞ்சிலை சொல்லு எண்டார். நான் நாப்பத்தேழு எண்டு நினைச்சன். வாயைத் திறக்கேல்லை, பொத்தானைத் தொடேல்லை. அவர் கையாலை என்னை மறிச்சு, சரி, நாப்பத்தேழு கேட்டுது, இனிச் சொல்ல வேண்டாம் எண்டார். சொல்லிப்போட்டு என்ரை வாயைப் பாத்தார். பிறகு என்ரை கையைப் பாத்தார். நான் அப்பத்தான் பொத்தானை அமத்தி “நாப்பத்தேழு” எண்டன்.

அந்த மனிசன் ஹெல்மெற்றைக் கழட்டி, சீற்றிலை பக்குவமாய் வைச்சார். வெளியிலை வந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “விதிப் புத்தகத்திலை இதுக்கு ஒரு வசனமும் இல்லை. நீங்கள் ஓடுங்கோ. என்னை மட்டும் இந்தக் காருக்குள்ளை திரும்ப ஏறச் சொல்லாதேங்கோ.”

நீண்டு போன நேரம்

கோடை போகப் போக இன்னொண்டு நடந்தது. முதலிலை கண் இமைக்கிற நேரம் முந்தினது. பிறகு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லி முடிக்கிற நேரமாச்சு. பிறகு அரைச் சுற்று. ஆவணி கடைசியிலை முழுசாய் ஒரு சுற்று முந்தி அவளுக்கு என்ரை குரல் கேக்கத் தொடங்கினது. இன்னும் வராத காரை வந்திட்டுது எண்டு நான் சொல்லுறன், அவள் அதை மனசிலை வைச்சுக்கொண்டு ஒரு சுற்று ஓடவேணும். நான் பயப்பிடுறன் எண்டு தெரிஞ்சு, முந்தி ஓம் சொல்லுறதையும் விட்டிட்டாள். நான் சொன்ன பிறகு, புதுசாக் கேக்கிற மாதிரி “ஓம்” எண்டுவாள். அந்த இரக்கம்தான் எனக்கு இன்னும் பயத்தைக் குடுத்தது.

துறைமுகத்திலை லொறியோடை வரிசையிலை நிக்கேக்கையும், நான் சொல்லப்போற சொல்லு எங்கையோ ஏற்கெனவே சொல்லி முடிஞ்சுது எண்ட நினைப்பு. வீட்டிலை மனிசி தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டால் உடனை மறுமொழி சொல்லாமல் நிண்டு யோசிப்பன். அவ என்னைக் காது டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனா. காது நல்லாத்தான் இருக்காம்.

ஒவ்வொரு ஓட்டமும் முடிய நான் வழக்கமாய் ஒண்டு சொல்லுறனான், “வடிவா ஓடினாய், வா சாப்பிடுவம்” எண்டு. ஒரு சுற்று மிச்சமிருக்கேக்கை அது தனக்குக் கேக்கும் எண்டும், அதைக் கேட்டால்தான் சீவன் வரும் எண்டும் ரெஜி சொன்னாள். சுவரிலை முட்டாமல் முடிச்சிட்டன் எண்டு அப்பவே தெரியுமாம். எனக்கு நாக்குச் சும்மா கிடக்காதே. ஒரு நாளைக்கு அது கேளாமல் விட்டால் என்ன செய்வாய் எண்டு கேட்டுப்போட்டன். அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு அமைதியாய்ச் சொன்னாள். “அப்ப வேறை என்ன சொல்லப்போறியள் எண்டு காது குடுத்துக் கேப்பன்.”

கடைசி ஓட்டம்

வருசத்தின்ரை கடைசி ஓட்டம் பகல் வெய்யிலிலை நடந்தது. புள்ளியிலை ரெஜியும் பச்சைக் காரும் சமன். ஆர் முன்னாலை முடிக்கிறாரோ அவருக்குத்தான் அந்தத் தொழில்முறை இடம். அந்தப் பெரிய போட்டியை நடத்திற தலைவரும் வந்து முன்வரிசையிலை இருந்தார். யூட்டின்ரை தாய் முதன்முதல் ஓட்டம் பாக்க வந்தவ. சரியா எனக்குக் கீழை, செபமாலையோடை இருந்தா. மகள் தோக்கவேணும் எண்டு மண்டாடினாவோ வெல்லவேணும் எண்டு மண்டாடினாவோ, அது மாதாவுக்குத்தான் தெரியும்.

கொஞ்சச் சுற்றுத்தான் மிச்சம். ரெஜி முன்னாலை, பச்சைக் கார் நல்லாப் பின்தங்கிப் போச்சு. நான் “ஆளில்லை, ஆளில்லை, போ” எண்டுகொண்டு நிக்கிறன், வாயெல்லாம் சிரிப்பு. கார் எனக்கு முன்னாலை நேர்ப்பாதையிலை வருது. ஒரு புகை இல்லை, ஒரு சத்தம் இல்லை. அப்பிடியே வேகம் குறைஞ்சுது. பாதையின்ரை அடியிலை, புல்லோரமாய் இறங்கிச்சுது. பச்சைக் கார் தாண்டிப் போச்சு, பின்னாலை வந்ததுகளும் தாண்டிப் போச்சுதுகள். ரெஜி மெல்லமாய் ஊர்ந்து வந்து, திருத்திற இடத்துக்குள்ளை திரும்பி, எஞ்சினை நிப்பாட்டினாள். வோக்கியிலை யூட் கத்திற கத்து கொட்டகை முழுக்கக் கேட்டிருக்கும். கீழை இருந்த தாய் நிமிந்து என்னைப் பாத்தா.

ஏணியாலை இறங்கி ஓடினன். யூட் காருக்கு முன்னாலை நிண்டு, சொல்லக்கூடாததெல்லாம் சொல்லி ஏசிக்கொண்டு நிண்டான். இத்தினை மாதத்து உழைப்பு, வெண்டு முடிஞ்ச ஓட்டம், அம்மாவுக்குக் குடுத்த வாக்கு, எல்லாத்தையும் மண்ணாக்கிப்போட்டாய் எண்டான். எனக்கும் கோவம்தான். நான் ஆளில்லை எண்டு சொல்லச் சொல்ல ஏன் நிப்பாட்டினாய் எண்டு நானும் கேட்டன். அவள் கட்டின பட்டியளைக் கழட்டாமல், ஹெல்மெற்றோடை என்னையே பாத்துக்கொண்டு இருந்தாள். கண் ரெண்டும் நல்லாச் சிவந்திருந்தது.

கார்த்திக்குக்குச் சண்டை பாக்கப் பிடிக்காது. என்ன செய்யிறது எண்டு தெரியாமல் ஜக்கைப் போட்டுக் காரைத் தூக்கி, முன் வலப்பக்கத்துச் சில்லைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தான். சில்லு ஆடிச்சுது. சில்லைக் கழட்டினான். அது பூட்டியிருந்த இரும்பு சுத்திவரப் பிளந்து, ஒரு விரல் அகலத்திலை தொங்கிக்கொண்டு நிண்டது. இந்த ஓடுபாதையிலை வளைவெல்லாம் இடப்பக்கம், பாரம் முழுக்க அந்த ஒரு சில்லிலைதான் விழும். அடுத்த வளைவு போதும், கொங்கிறீற் சுவர். யூட் ஏசிக்கொண்டிருந்த சொல்லைப் பாதியிலை விட்டான். அப்பிடியே நிலத்திலை குந்தி, தலையிலை கைவைச்சு அழுதான்.

நான் ரெஜியின்ரை யன்னலுக்குள்ளை தலையை விட்டு, நான் என்ன சொன்னனான், சில்லைப் பற்றி ஏதும் சொன்னனானோ எண்டு கேட்டன். “செ றியென்” எண்டு பிரெஞ்சிலை சொன்னாள், ஒண்டுமில்லையாம். தண்ணி குடுத்தன், குடிச்சாள். தாய் வேலியைத் தாண்டி எங்களை நோக்கி ஓடிவாறது தெரிஞ்சுது. அதைக் கண்டிட்டு, தாய் கிட்ட வர முதல் சொல்லி முடிக்கவேணும் எண்ட அவதியிலை, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை. குழறி அழுதனீங்கள். ‘கொம்மாட்டை நான் என்னெண்டு போய்ச் சொல்லுவன், கொம்மாட்டை நான் என்னெண்டு போய்ச் சொல்லுவன்’ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டு அழுதனீங்கள்.”

கராச்சுக்கு வந்த தலைவர்

பட்டம் பச்சைக் காருக்குப் போச்சு. ரெஜி வாக்குத் தவறாத பிள்ளை, ஹெல்மெற்றை அலுமாரிக்கு மேலை வைச்சிட்டுத் தாதிப் படிப்புக்கு விண்ணப்பம் எடுக்கப் போனாள். தாய் சந்தோசப்படுவா எண்டு பாத்தால், அவ அந்தப் பிளந்த இரும்பைக் கழுவித் துடைச்சு மாதாப் படத்துக்குக் கீழை வைச்சு மெழுகுதிரி கொளுத்தினா.

கொஞ்ச நாள் போக, அந்தப் பெரிய போட்டித் தலைவர் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குக் கராச் தேடி வந்தார். யூட் வீட்டை ஓடிப்போய் மாதாவிட்டைக் கடன் கேட்டு இரும்பைக் கொண்டுவந்தான். அவர் அதைக் கையிலை வைச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தார். இது பிளந்தது அவளுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டார். யூட் என்னைப் பாத்தான், நான் கார்த்திக்கைப் பாத்தன், கார்த்திக் முகட்டைப் பாத்தான். கடைசியிலை யூட்தான், ஸ்ரேறிங் நடுங்கினதாம் எண்டு ஒரு மாதிரிச் சமாளிச்சான்.

அவர் நம்பினாரோ தெரியாது, வற்புறுத்திக் கேக்கேல்லை. தன்ரை காலத்திலை பந்தயத்திலை செத்த கனக்க இளம் பொடியளைப் புதைச்சிட்டாராம். தன்ரை போட்டியிலை இன்னுமொரு இடம் போட வழி இருக்காம், ரெஜி வாறாளோ எண்டு கேட்டார். வாக்கு இந்த வருசத்துக்குள்ளை இடம் கிடைக்கவேணும் எண்டுதானே, வருசம் இன்னும் முடியேல்லை எண்டு தாயே சொன்னா. போகேக்கை வாசலிலை நிண்டு அவர் சொன்னதை யூட் இப்பவும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறான். “வெல்லத் தெரிஞ்ச ஆக்கள் எனக்கு நிறைய இருக்கினம். வெல்லேக்கை நிப்பாட்டத் தெரிஞ்ச ஒருத்தியை இப்பத்தான் பாக்கிறன்.”

அதுக்குப் பிறகு

இப்ப எங்களுக்குப் பெரிய இழுவை வண்டி, ஒரே நிறச் சட்டை, ஊர் ஊராய்ப் பயணம். கார்த்திக் படிப்பு முடிச்சு எங்களோடையே நிக்கிறான். அந்தக் குரல் அண்டையோடை நிண்டுபோச்சு. நான் சொல்லுறன், அவள் பிறகு ஓம் சொல்லுறாள், ஊரிலை உள்ள எல்லாற்றை ஓமையும் போலை. கார்த்திக்குக்கு அதிலை பெரிய நிம்மதி.

எனக்கு இல்லை. நான் சொல்லப்போறதைத்தான் அது சொன்னது, ஒருநாளும் பிசகினதில்லை. ஆனால் அந்த அழுகையை நான் அழவே இல்லையே. அது என்னட்டை இருந்து வெளிக்கிட்டுப் போய் அவளிட்டைச் சேர்ந்திட்டுது, என்ரை தொண்டையாலை இன்னும் போகேல்லை. ஒவ்வொரு ஓட்டத்திலையும் கடைசிச் சுற்று வரேக்கை தொண்டை தானாய் அடைக்கும். பயத்திலை தண்ணியைக் குடிச்சு அமத்துவன்.

ஒருநாள் ரெஜியிட்டை மனம் விட்டுச் சொன்னன், இது எனக்குள்ளை கிடக்கு, எப்பவேன் வந்திடுமோ எண்டு பயமாக் கிடக்கு எண்டு. அவள் சிரிக்கேல்லை. என்ரை கையைப் பிடிச்சு, வோக்கியை அதிலை வைச்சு, விரலை மடக்கி விட்டாள். “அதை வைச்சிருங்கோ, அண்ணை. எனக்கு ஒருக்காக் கேட்டது காணும்.”

ஆக, வாயாலை உழைக்கிற என்ரை சகோதரங்களே, கூரை கூரையாய் ஏறிக் கத்தி நான் வாங்கின சம்பளத்துக்கெல்லாம் உருப்படியாய்ச் செய்த ஒரே வேலை, இன்னும் நான் கத்தாமல் வைச்சிருக்கிற அந்த ஒண்டுதான்.